ஆணிக்காரன் வாய்

ஏழாயிரத்து இருநூற்று ஐம்பது. என் தங்கையின் கணவர் எங்கள் முதலாளிக்குக் கொடுக்க வேண்டியிருந்த பணம் அது. கைநீட்டி வாங்கிய கடன் இல்லை. பதினாலரை மீட்டர் சந்தன நிறத் துணியின் விலை, மீட்டர் ஐந்நூறு. அந்தத் துணியில் ஆறு சிவப்புப் புள்ளிகள் விழுந்துவிட்டன. ஒவ்வொன்றும் மிளகளவுகூட இருக்காது.

வாரம் இருநூற்று ஐம்பது கூலியில் பிடித்துக்கொள்வது என்று பேச்சு. இருபத்தொன்பது வாரம். பட்டறை நோட்டில் எழுதுவது என் பொறுப்பு. முதலாளிக்குக் கண் மங்கல், மாப்பிள்ளைக்கு எழுத்து தெரியாது, தையல்கார அக்காவுக்கு நேரமில்லை. நாற்பது தாண்டி எழுத்துக் கற்றுக்கொண்டவன் நான். ஒரு வரி எழுத ஒரு டீ ஆறிப்போகும். ஆனாலும் எழுதியது எழுதியதுதான், அழிக்கமாட்டேன்.

எங்களுடையது சோபா பட்டறை. தகரக் கூரை, இரண்டு ஜன்னல், மூலையில் மலைபோலப் பஞ்சு. பழைய சோபாக்கள் வரும். துணியை உரித்து, உள்ளே இருக்கும் குப்பையைக் கொட்டுவது நான். சில்லறைக் காசு, சீப்பு, சாவி எல்லாம் விழும். ஒரு தடவை ஒரு குழந்தையின் பால் பல் விழுந்தது. அக்கா புதுத் துணியை வெட்டித் தைப்பாள். அதை இழுத்துச் சட்டத்தில் ஆணி அடிப்பது மாப்பிள்ளை.

அவருக்கு மரங்கொத்தி என்று பட்டறையில் பேர். முப்பது குட்டி ஆணிகளை அள்ளி வாயில் போட்டுக்கொள்வார். இடது கன்னத்துக்குள் அவை அடங்கிக்கிடக்கும். நாக்கு ஒன்றைத் தள்ளும், உதடு அதைத் தலைகீழாகாமல் நீட்டும், காந்தச் சுத்தி வாயருகே வந்து வாங்கிக்கொள்ளும். இரண்டு தட்டு. இடது கை துணியை இழுத்துப் பிடித்திருப்பதால் ஆணி எடுக்க வேறு கை கிடையாது. வாய்தான் மூன்றாவது கை. காற்றில் இயங்கும் பின் துப்பாக்கி ஒன்றும் பட்டறையில் உண்டு. அதற்குக் காற்றுக் கொடுக்கும் மெஷின் பழுதாகி இரண்டு வருடமாகத் துணி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "அடுத்த மாசம் சரி பண்ணிடலாம்" என்பார் முதலாளி. எந்த மாதத்துக்கு அடுத்தது என்று சொன்னதில்லை.

எங்கள் பட்டறையில் முழு வாய் யாருக்கும் கிடையாது. நூலைக் கடித்துக் கடித்தே அக்காவின் முன்பல்லில் ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. அளவெடுத்துச் செய்தது போல நூல் அதில் போய் உட்காரும். முதலாளி கோணி ஊசியால் பல் குத்துவார். நான் நாளைக்கு எட்டு டீ, எட்டிலும் சர்க்கரை தூக்கல். கடைவாய் வலித்தால் தலைவலி மாத்திரையை விழுங்காமல் ஈறோடு அழுத்தி வைத்துக்கொள்வேன். ஈறு வெந்து வெள்ளைத் தோலாக உரியும். வலி நிற்கும், அது போதும். மாப்பிள்ளைக்குச் சோற்றுக்குப் பிறகு ஒரு சிட்டிகை புகையிலை, அதுவும் இடது கன்னத்தில்தான். "எல்லா சரக்கும் ஒரே குடோன்ல" என்று அக்கா கேலி பண்ணுவாள்.

பசை டப்பாவின் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்த அன்று அவருக்கு இடது கீழ்க் கடைவாய்ப் பல் பாதி உடைந்தது. மிச்சப் பாதி தகர விளிம்பு மாதிரி நின்று நாக்கைக் கீறியது.

"புடுங்கிடுங்க மாப்ள" என்றேன்.

"எதுக்கு? கட்டில் காலையே இழைக்கிறவன், ஒரு கட்டப் பல்ல இழைக்கமாட்டேனா?"

சொன்னவர் மெல்லிய அரத்தை எடுத்து, ஜன்னல் கண்ணாடியில் பார்த்தபடி தன் பல்லையே ராவினார். அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ தம்பி, எனக்கு உச்சந்தலை வரைக்கும் கூசுது!" அவர் தூளைத் துப்பிவிட்டுச் சிரித்தார். கீறல் குறைந்தது. ஆனால் நாக்கின் ஓரத்தில் அதற்குள் ஒரு புண் உட்கார்ந்துவிட்டிருந்தது.

ஆணிக்காரன் வாயில் புண் என்பது செருப்புக்காரன் கையில் மெழுகு மாதிரி. எப்போதும் ஒன்று இருக்கும். பழசு ஆறுவதற்குள் ஆணி புதுசாக ஒன்றைக் குத்தும். எது எப்போது வந்தது என்று யார் கணக்கு வைப்பது? அதனால் இந்தப் புண் ஆறவில்லை என்பதே எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். ஒருநாள் அவர் ஆணிகளை இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்கு மாற்றினார்.

"என்ன, குடோன் மாறிடுச்சு?" என்றாள் அக்கா.

"அந்தப் பக்கம் வெள்ளையடிக்கிறாங்க."

நிஜமாகவே வெள்ளையாகத்தான் இருந்தது. நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு காசளவு வெள்ளைத் திட்டு, நடுவே சிவந்து ஒரு பள்ளம்.

"வலிக்குதா?"

"வலிச்சாத்தான மச்சான் புண்ணு. இது சும்மா கெடக்கு."

சும்மா கிடக்கிறதைக் கிளறுவானேன் என்று நானும் விட்டேன்.

அந்த மாதத்தில்தான் சந்தன நிற சோபா வந்தது. ஒரு பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பறைக்கு. நீளமானது, ஐந்து பேர் உட்காரலாம். மாப்பிள்ளை இரண்டு நாள் அடித்தார். நானும் முதலாளியும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், மாடிப்படியில் தூக்கும்போதுதான் வெயில் பட்டு அந்தப் புள்ளிகள் தெரிந்தன. இடது கைப்பிடிக்கு அடியில், ஆணிக்கு ஒன்றாக ஆறு. முதலாளி விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தார். போகவில்லை.

"ஏம்பா, இது உன் மாப்பிள்ளை வாயில இருந்து வந்ததா?"

நான் சோபாவின் என் பக்கத்து முனையைத் தூக்கினேன்.

"கேட்டா வெரல் வெட்டு பட்டுதுன்னு சொல்லு. வாய் ரத்தம்னு தெரிஞ்சுது, பல்லு ஆஸ்பத்திரிக்காரங்க நம்ம தெருப்பக்கமே திரும்ப மாட்டாங்க. அப்புறம் அவனுக்கும் வேல இல்ல, உனக்கும் இல்ல. புரியுதா?"

சோபாவைச் சுவரோரம் போட்டுவிட்டு டாக்டரம்மாவுக்காக நின்றோம். எதிர்ச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எழுத்தைப் பார்த்தால் கூட்டிப் படிக்காமல் இருக்க முடிவதில்லை எனக்கு. இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு. தொட்டால் கெட்டியாக இருக்கும் இடம். காரணமில்லாமல் ரத்தம். ஐந்தாவது வரிக்குப் போவதற்குள் அம்மா வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்தார்.

குனிந்து பார்த்தார். "இது என்ன?"

"சாயம், டாக்டர். கழுவினா..." என்று முதலாளி இழுத்தார்.

"இருபத்தஞ்சு வருஷமா நான் தெனம் பாக்குறத எனக்கே சாயம்னு சொல்றீங்களா? ரத்தம் இது. ஓரம் வெளுத்துப் பரவியிருக்கு பாருங்க, எச்சில் கலந்திருக்கு. யாரு ஆணி அடிச்சது?"

முதலாளியின் முழங்கை என் இடுப்பில் பட்டது.

"நான்தாம்மா. வெரல்ல பட்டுடுச்சு." முந்தின நாள் துணி உரிக்கும்போது கிழித்துக்கொண்ட கட்டைவிரலில் கந்தல் சுற்றியிருந்தேன். அதைத் தூக்கிக் காட்டினேன்.

"ஆணிய வாயில வச்சுக்குவீங்களா?"

"வச்சுக்குவேம்மா."

"அப்ப உள்ள வாங்க. வாயப் பாக்கணும்."

நாற்காலியில் சாய்த்து, விளக்கை இழுத்துப் போட்டார். துணித்துண்டால் என் நாக்கைப் பிடித்து இழுத்து இடம், வலம், அடி என்று பார்த்தார். கன்னத்தின் உள்ளே விரலை ஓட்டினார். கழுத்தை அமுக்கிப் பார்த்தார். என் பெற்ற தாய்கூட என்னை அத்தனை நிதானமாகப் பார்த்ததில்லை. மாப்பிள்ளைக்கு வந்து சேர வேண்டிய பார்வை அது. அதை நான் வாங்கிக்கொண்டு படுத்திருந்தேன்.

"ரெண்டு கடவாய்ப் பல்லு சொத்த. ஈறுல மாத்திரைய வச்சுச் சுட்டுக்கிட்டீங்க, அது ஆறிடும். மாத்திர முழுங்கறதுக்கு, பூசறதுக்கு இல்ல. மத்தபடி நாக்குல புண்ணு எதுவும் இல்ல. அப்புறம் எப்படி எச்சில்ல ரத்தம்?" என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சரி. உங்க பட்டறையில யாருக்கு இருந்தாலும் சொல்லுங்க. ரெண்டு வாரம் தாண்டியும் புண்ணு நின்னா இங்க வந்து காட்டணும். வலிச்சாலும் சரி, வலிக்காட்டியும் சரி. பாக்குறதுக்கு நான் காசு வாங்கமாட்டேன்."

"வலிக்காட்டியுமாம்மா?"

"வலிக்காததுதான் எனக்குப் பயம்."

சோபாவைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தோம். புதுத் துணி போட்டுத் திருப்பிக் கொடுத்தோம். பழைய துணியின் விலை மாப்பிள்ளை தலையில் ஏறியது. "ஏழாயிரத்தி எரநூத்தம்பது, எழுதிக்கோ" என்றார் முதலாளி. எழுதினேன். மாப்பிள்ளை வாயில் ஆணியோடு தலையாட்டினார்.

அன்று வீட்டுக்கு நடக்கும்போது அவரிடம் பேச்சை எடுத்தேன்.

"மாப்ள, அந்த நாக்க ஒரு தடவ யார்கிட்டயாவது காட்டிடுங்க."

"காட்டலாம். ஏழாயிரம் ஆச்சா? காட்டப் போனா இன்னொரு ஏழாயிரம். ஆணிப் புண்ணுக்கு அவ்வளவு மரியாதையா?"

இந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அந்த அம்மா காசு வாங்கமாட்டாராம் என்று. சொல்லவில்லை. சொன்னால் அங்கேதான் போவார். போனால் ஆணி அடிக்கிறவன் நான் இல்லை என்பது தெரியும். முதலாளி பொய்யும் என் பொய்யும் ஒன்றாகச் சந்திக்கு வரும். இரண்டு பேருக்கும் வேலை போகும். இப்படியெல்லாம் கணக்குப் போட்டேன். கணக்கில் புலிதான். அந்தக் கணக்கில் நாக்கை மட்டும் சேர்க்கவில்லை.

முதல் வாரம் இருநூற்று ஐம்பது. இரண்டாம் வாரம் இருநூற்று ஐம்பது. வாரச் சம்பள நாளில் அவர் என் பக்கத்தில் வந்து நின்று, நான் எழுதுவதை வேடிக்கை பார்ப்பார். "என் பேரு எது மச்சான்?" என்பார். காட்டுவேன். "இவ்வளவு நீளமா?" என்று சிரிப்பார்.

ஐந்தாம் வாரம் அவர் மிளகாயை ஒதுக்கினார். ஏழாம் வாரம் சூடான டீயை ஆறவைத்துக் குடித்தார். சோற்றை வலப்பக்கமே மென்றார், நேரம் அதிகமானது, பிறகு பாதியைக் குருவிகளுக்குப் போட்டார். எட்டாம் வாரம் புகையிலையை விட்டார். நாங்கள் பாராட்டினோம்.

பத்தாம் வாரம் என் தங்கை பட்டறை வாசலுக்கு வந்தாள். துணி வெளுக்கும் இடத்திலிருந்து அப்படியே வந்திருந்தாள், கை சோப்பில் ஊறி வெளுத்துப்போயிருந்தது.

"அண்ணே, அவரு குடிக்கிறாரா?"

"ஏன்?"

"பேச்சு குழறுது. சாயந்தரம் ஆனா ஒரு வார்த்தையும் வெளங்கல. வாயில ஒரு நாத்தம் வேற. கேட்டா தலையணைய எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிறாரு. மறைக்காத, உன் தங்கச்சி வாழ்க்கை இது."

"குடிக்கல."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்புறம் என்ன?"

"ஆணி குத்தின புண்ணு" என்றேன். அவள் நிம்மதியாகப் போனாள். அந்த நிம்மதியைக் கொடுத்ததும் நான்தான்.

பன்னிரண்டாம் வாரம் காது வலி என்றார். காதுக்குச் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டார். நாக்கில் இருக்கும் நோய் காதில் வந்து கதவைத் தட்டும் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. பதினாறாம் வாரம் அக்கா அவருடைய கழுத்துக்கு அளவு நாடாவைப் பிடிக்கிற மாதிரி விளையாட்டாகக் கை வைத்தவள், சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"தம்பி, தாடைக்குக் கீழ கெட்டியா ஒண்ணு இருக்கே."

"நெறி கட்டியிருக்கு" என்றார் அவர். இந்த இரண்டு சொல்லைச் சொல்ல அவருக்கு மூன்று முயற்சி வேண்டியிருந்தது.

அக்கா என்னைத் தனியாக இழுத்துப் போனாள். "உங்க வீட்டு மனுஷன். நீ கூட்டிட்டுப் போறியா, இல்ல நான் போகட்டுமா?"

"சம்பளம் வரட்டும், போறேன்" என்றேன். இன்னும் மூன்று சம்பளம் வந்தது.

பத்தொன்பதாம் வாரம், ஒரு பிற்பகல். தட்டல் சத்தம் நின்றது. மரங்கொத்தி நிறுத்தினால் பட்டறையே நிமிர்ந்து பார்க்கும், அப்படிப் பழகிவிட்டது. அவர் சோபாச் சட்டத்தின் முன்னால் மண்டியிட்டிருந்தார். சுத்தி வாயருகே காத்திருந்தது. உதட்டில் ஆணி வரவில்லை. நாக்கு தள்ளவில்லை. அவர் முகத்தில் ஒரு ஆச்சரியம்தான் இருந்தது, தெரிந்த வீட்டுக் கதவு திறக்காமல்போனவன் முகம் மாதிரி. பிறகு ஓர் ஆணி பின்னால் சரிந்து தொண்டைக்குப் போனது. இருமினார். நான் ஓடிப் போய் முதுகில் அடித்தேன். ஆணிகள் பலகையில் கொட்டின. அவற்றோடு கொழகொழவென்று ரத்தம்.

முதலாளி எழுந்து வந்தார். துணியைத்தான் முதலில் நகர்த்தினார்.

நான் நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். ஏன் நோட்டை எடுத்தேன் என்று எனக்கே தெரியாது.

பல் ஆஸ்பத்திரியில் அந்தச் சந்தன சோபாவில் உட்கார்ந்தோம். தான் அடித்த ஆணிகளை அவர் கைப்பிடிக்கு அடியில் விரலால் தடவிப் பார்த்தார். கதவு திறந்து டாக்டரம்மா வந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"ஆணி அடிக்கிறவர்தான நீங்க? என்ன, கடவாய்ப் பல்லா?"

"நான் இல்லம்மா" என்றேன். "ஆணி அடிக்கிறவரு இவரு."

அவர் என்னைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். சோபாவைப் பார்த்தார். உள்ளே கூட்டிப்போனார். அதே விளக்கு, அதே துணித்துண்டு. நாக்கை இழுக்க முயன்றார். அது வரவில்லை. அடியில் விரல் வைத்தவர் அதே இடத்தை இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தார்.

"எத்தனை நாளா இருக்கு?"

மாப்பிள்ளை கையை விரித்தார். அவருக்கு எப்படித் தெரியும்? நான் நோட்டைத் திறந்தேன். வரிசையாக என் கோணல் எழுத்தில் இருநூற்று ஐம்பது, இருநூற்று ஐம்பது. விரல் வைத்து எண்ணினேன்.

"பத்தொம்பது வாரம்மா. அதுக்கு முன்னாடி ஒரு மாசம் இருக்கும்."

"இவ்வளவு சரியா எழுதி வச்சிருக்கீங்க" என்றார் அவர். திட்டியிருந்தால் தேவலை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். கொடுக்கும்போது மாப்பிள்ளையின் தோளில் கை வைத்து, "தைரியமா போங்க" என்றார். எனக்கு எதுவும் சொல்லவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் புண்ணிலிருந்து ஒரு துளி சதை கிள்ளினார்கள். பத்து நாள் கழித்து முடிவு வந்தது. என் தங்கை அந்தத் தாளை என்னிடம் நீட்டினாள். "படி அண்ணே." படித்தேன். கூட்டிக் கூட்டிப் படித்ததால் கெட்ட செய்தி துண்டு துண்டாக வந்தது அவளுக்கு.

இடது பாதி நாக்கை எடுத்தார்கள். கழுத்தைத் திறந்து நெறிகளை எடுத்தார்கள். தொடைச் சதையை வெட்டி வாயில் ஒட்டுப்போட்டார்கள். சோபா மாதிரிதான், உரித்து, கொட்டி, ஒட்டு. பிறகு கருவியில் படுக்கவைத்துக் கதிர்ச் சூடு கொடுத்தார்கள். அதில் மிச்சப் பற்களும் ஆட்டம் கண்டன, எச்சில் வற்றியது. முன்கூட்டி வந்திருந்தால் ஓரத்தைச் சுரண்டி எடுத்து, இரண்டு தையலோடு அனுப்பியிருப்போம் என்று அங்கிருந்த இளம் டாக்டர் ஒருவர் சொன்னார். அவர் சும்மா ஒரு தகவலாகத்தான் சொன்னார்.

மூக்கில் குழாயோடு அவர் படுத்திருந்த நாளில், பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். விரலைக் காட்டியது, அவருக்குப் பதிலாக நாற்காலியில் படுத்தது, காசு வேண்டாம் என்று அந்த அம்மா சொன்னதை மறைத்தது எல்லாம். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்தும் தெரியாது, பேச்சும் போயிற்று. கட்டில் கம்பியில் விரல் மோதிரத்தால் தட்டுவார். ஒன்று தட்டினால் ஆமாம், இரண்டு தட்டினால் இல்லை. அன்று ஒன்றும் தட்டவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் போனால் கண்ணை மூடிக்கொள்வார். தங்கைக்கும் சொல்லியாக வேண்டுமே, அவளிடமும் சொன்னேன். அவள் அழவில்லை. "சத்தியமா-ன்னு கேட்டேன்ல அண்ணே" என்று மட்டும் சொன்னாள். நான்கு மாதம் என்னோடு பேசவில்லை.

பட்டறையில் ஆணி அடிக்க ஆள் இல்லை. காற்று மெஷின் துணி மூடியபடியே இருந்தது. முதலாளி என்னைப் பார்த்தார். பத்து வருடம் பக்கத்தில் நின்று பார்த்த வேலைதானே, நான் சுத்தியை எடுத்தேன். தட்டில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்தேன் முதலில். ஒரு சோபாவுக்கு நான்கு நாள் ஆனது. முதலாளி கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். ஐந்தாம் நாள் ஆணிகளை அள்ளி வாயில் போட்டேன். இரும்பு ருசி. அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டு என்னை முறைத்தாள்.

"உனக்குப் புத்தி இல்ல?"

வாய் நிறைய ஆணி. பதில் சொல்ல முடியவில்லை. வசதிதான்.

அவர்கள் வந்தது ஒரு சம்பள நாள். தங்கை முன்னால், அவர் பின்னால். சட்டை தோளில் தொங்கியது. கழுத்தில் காது முதல் தொண்டை வரை தழும்பு, பட்டறைத் தையல் போல நேராக. முதலாளி எழுந்து நாற்காலி போட்டார்.

"வாப்பா, வா. ஒண்ணும் பேசாத, ரெஸ்ட் எடு." பேசாத என்று சொன்னதும் அவருக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளும்படி ஆகிவிட்டது. அவசரமாக என்னைப் பார்த்தார். "அந்த நோட்ட எடு. பாக்கி எவ்வளவு? ரெண்டாயிரத்தி ஐநூறா? அடிச்சிடு. தள்ளுபடி. நான் என்ன அரக்கனா?"

மாப்பிள்ளை ஒரு சுத்தியை எடுத்து அதன் பிடியால் பலகையில் தட்டினார். இரண்டு தட்டு.

தங்கை புடவைத் தலைப்பில் முடிந்திருந்ததை அவிழ்த்துப் பலகையில் வைத்தாள். "எண்ணிக்கோங்க. ரெண்டாயிரத்தி ஐநூறு இருக்கு. அவரு ஆயுதப் பெட்டிய வித்துட்டாரு. சுத்தி, அரம், இழுக்கிற குறடு எல்லாம்."

"எதுக்கும்மா இது? நான்தான் விட்டுட்டேனே."

"அவருக்கு விட வேண்டாமாம். ரத்தம் அவரோடதுதான், துணிக்குக் காசு அவரே குடுப்பாராம்." அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கைவிரலால் மூலையைக் காட்டினார். அவள் தொடர்ந்தாள். "ஆனா இந்தக் காசு அந்த மெஷினச் சரி பண்றதுக்குத்தானாம். வேற எதுக்கும் தொடக்கூடாதாம்."

முதலாளி மூலையில் மூடிக்கிடந்த மெஷினைப் பார்த்தார். "பாக்கலாம், அடுத்த மாசம்..."

இரண்டு தட்டு. பலகை அதிர்ந்தது.

"சரிப்பா, சரி. நாளைக்கே ஆள வரச் சொல்றேன்."

இத்தனை நேரமும் நான் சட்டத்தின் முன்னால் மண்டியிட்டபடியே இருந்தேன். எழுந்துபோய் அவர் முகத்துக்கு நேரே நிற்கத் தைரியம் இல்லை. ஆணிகளால் கன்னம் புடைத்திருந்ததும் மறந்துபோயிற்று. அவர்தான் என்னிடம் வந்தார். நான்கு மாதத்தில் முதல் தடவையாக என்னைக் கண்ணுக்கு நேரே பார்த்தார். உள்ளங்கையைக் குவித்து என் தாடைக்குக் கீழே நீட்டினார்.

நான் புரியாமல் அண்ணாந்து பார்த்தேன். கையை இன்னும் நெருக்கமாக வைத்து, தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழுப்பினார். சொல்லாக வரவில்லை, ஆனால் அதட்டல் என்று தெரிந்தது. துப்பினேன். முப்பது ஆணியும் எச்சிலோடு அவர் கையில் விழுந்தன. அவர் அதைப் பலகையில் கொட்டி, கையைச் சட்டையில் துடைத்தார். பிறகு என் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். இரண்டு விரலால் வாயைத் திறந்தார். தோளில் கிடந்த துண்டின் நுனியால் என் நாக்கைப் பிடித்து வெளியே இழுத்தார். இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். மேலே தூக்கி அடியில் பார்த்தார். கன்னத்தின் உள்ளே விரலை ஓட்டினார். கழுத்தை, காதுக்குக் கீழே, தாடைக்குக் கீழே, ஒவ்வோர் இடமாக அமுக்கிப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் அவருக்கு எத்தனை தடவை செய்தார்களோ, ஒன்று விடாமல் செய்தார். என் கண்ணிலிருந்து வழிந்தது அவர் மணிக்கட்டில் விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை, நாக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்த்து முடித்து நாக்கை விட்டார். பலகையில் ஒரு தட்டு தட்டினார்.

அக்கா மூக்கை உறிஞ்சினாள். பிறகு தன் முன்பல்லைக் கையால் மூடிக்கொண்டு, மேசையில் கத்தரிக்கோலைத் தேட ஆரம்பித்தாள்.

"எழுது அண்ணே" என்றாள் என் தங்கை. நான்கு மாதத்துக்குப் பிறகு அவள் என்னை அண்ணே என்று கூப்பிட்டது அதற்குத்தான்.

நோட்டைத் திறந்தேன். பத்தொன்பது வரிக்குக் கீழே வெள்ளையாக இடம் இருந்தது. முதலாளி பணத்தை இரண்டு தடவை எண்ணினார். நான் இரண்டாயிரத்து ஐந்நூறு என்று எழுதினேன். அவர் பக்கத்தில் வந்து நின்று, முன்பு போலவே எட்டிப் பார்த்தார். அவருடைய பெயர் இருந்த இடத்தில் விரல் வைத்துக் காட்டினேன். அதற்குக் கீழே, டீ ஆறிப்போகிற நேரம் எடுத்து, பாக்கி இல்லை என்று எழுதினேன்.